ஓரத்தில் அமர்ந்த உரைகாரர்கள்

நல்ல நூலுக்கு உரை எழுதுவது அறிஞர் மரபு. மத்ரஸாவில் கிதாபு ஓதியவர்கள் அதன் பக்க அமைப்பை மறந்திருக்க மாட்டார்கள். நடுவில் மூல நூலாகிய மத்னு. அதனைச் சூழ்ந்து விரிவுரையாகிய ஷரஹு. அதற்கும் அப்பால், தாளின் ஓரத்தில், சாய்ந்தும் வளைந்தும் எறும்பு நிரை போல் ஊர்ந்து செல்லும் ஹாஷியா. அந்த ஓரத்து ஆசிரியர்கள் சில வேளைகளில் மூல ஆசிரியரையே மடக்குவதுண்டு. எனினும் 'ஃபீஹி நழர்', அதாவது 'இங்கே சிந்திக்க இடமுண்டு' என்ற அளவோடு பெரும்பாலும் நிறுத்திக் கொள்வார்கள். தமிழிலும் சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்களைக் கற்றோர் சுவைத்துப் படிப்பதுண்டு.

இவையெல்லாம் சிறந்த நூல்களுக்குக் கிடைத்த பேறு. குப்பையென்று ஊரார் ஒதுக்கிய படைப்புக்கு வரிக்கு வரி உரை சொன்னால் என்ன ஆகும்? நம் புலவர் மரபு கெட்ட கவிக்கு உரை சொன்னதாக நாம் ஓதியதில்லை. தண்டனை சொன்னதாகவே ஓதியிருக்கிறோம். தலையில் குட்டப் பிள்ளைப்பாண்டியனும், காதை அறுக்க வில்லிபுத்தூராரும், தலையைக் கொய்ய ஒட்டக்கூத்தரும் இல்லாமற்போனதால் அரைகுறைப் புலவர்கள் பெருகிவிட்டனர் என்று வருந்தும் தனிப்பாடல் ஒன்று படிக்காசுப் புலவர் பெயரால் வழங்குகிறது. வள்ளல் சீதக்காதியைப் பாடிய அதே படிக்காசுப் புலவர்தாம். அமெரிக்க நாட்டின் மினியாபொலிஸ் நகரில் ஒரு சிறு கூட்டத்தார் குட்டவும் இல்லை, அறுக்கவும் இல்லை. மோசமான திரைப்படம் ஒன்றை ஓடவிட்டு, திரையின் கீழ் ஓரத்தில் நிழலுருவாக அமர்ந்து, அதற்கு ஹாஷியா சொன்னார்கள்.

அந்நிகழ்ச்சியின் பெயர் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000'. ஜோயல் ஹாட்ஜ்சன் என்பவர் ஆக்கியது. 1988 நவம்பரில் அந்நகரின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் தொடங்கி, மறு ஆண்டே நாடெங்கும் செல்லும் கேபிள் அலைவரிசைக்கு ஏறி, பின்னர் வேறோர் அலைவரிசைக்கு மாறி, 1999 வரை நடைபெற்றது. ஒளிபரப்புத் துறையில் பெருமதிப்புடைய பீபாடி விருதும் 1993ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது. தொடக்கத்தில் வாய்க்கு வந்ததை அப்போதைக்கப்போது சொல்லி வந்தனர். கேபிளுக்குச் சென்ற பின் எழுத்தாளர் குழு ஒன்று கூடி அமர்ந்து, ஒரே படத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்து, ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான குறிப்புகளை எழுதி ஒழுங்கு செய்தது. ஒரு கெட்ட படத்தை அதன் இயக்குநரைக் காட்டிலும் கவனமாகப் பார்த்தவர்கள் இவர்களாகவே இருக்கக்கூடும்.

கதைச் சட்டகம் எளியது. ஆய்வுக்கூடம் ஒன்றில் துப்புரவுப் பணியாளன் ஒருவன். அவனைப் பிடிக்காத இரு பித்துக்கொள்ளி விஞ்ஞானிகள் அவனை விண்கலமொன்றில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாளும் மோசமான படங்களை அனுப்பி, எப்போது அவன் மனம் உடையுமென்று காத்திருக்கிறார்கள். அவன் உடையவில்லை. கலத்தின் பாகங்களைப் பிரித்துத் தனக்குத் தோழர்களாக இயந்திர பொம்மைகளைச் செய்துகொள்கிறான். படம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை ஆளும் கருவிகளே அப்படிப் பிரிக்கப்பட்டவை என்பது கதை. படத்தை நிறுத்தும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்து, கூட இருந்து பார்ப்பதற்கு ஆள் தேடிக்கொண்டான் என்பதே அதன் பொருள். டாம் சர்வோ என்ற பொம்மையின் தலை மிட்டாய் விற்கும் கண்ணாடிக் குடுவை. குரோ என்ற மற்றொன்றின் வாய், பந்தெறிந்து விழுத்தும் விளையாட்டுக் கட்டை. கலையழகு என்று சொல்ல அதில் ஏதுமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் தீப்பெட்டியில் வண்டி செய்த கைத்திறன்தான்.

நம்மிடம் முன்பு அரபு இலக்கணம் ஓதி, இன்று அயல்நாட்டில் பணிபுரியும் மாணவர் ஒருவர் இந்நிகழ்ச்சியின்மீது தீராத பிரியம் உடையவர். சில பாகங்களைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்தவர். அவர் நமக்குச் சிலவற்றை அனுப்பிவிட்டுக் கேட்டார்: "ஹஜ்ரத், இது ஸுக்ரிய்யாவில் சேருமா?" ஃபத்வா வழங்குவது நம் வேலையன்று, அதற்குரிய முஃப்திமார் இருக்கிறார்கள். சினிமா கூடுமா கூடாதா என்னும் பழைய வழக்கையும் இங்கே அவிழ்க்கவில்லை. ஆனால் கேள்வி இலக்கியக் கேள்வியும்கூட ஆதலின், அந்த வகையில் அதனை எடுத்துக்கொண்டோம்.

சிரிப்பு மார்க்கத்துக்கு அந்நியமன்று. ஏறுவதற்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறி, அவர் திகைத்தபோது, எல்லா ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கிய நிகழ்ச்சியை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். கஞ்சர்களைப் பற்றிய நூலை எழுதிய அல்ஜாஹிழ், அதன் முகவுரையிலேயே சிரிப்புக்காக வாதாடுகிறார். சிரிக்க வைப்பவனும் அழ வைப்பவனும் இறைவனே என்னும் திருமறைக் கருத்தை அதற்குச் சான்றாக வைக்கிறார். ஆயினும் ஸூரத்துல் ஹுஜுராத் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறது. பரிகசிக்கப்படுவோர் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கலாம் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் காரணத்தை மறந்துவிடக் கூடாது. பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் நாவின் கேடுகளை வரிசைப்படுத்தும்போது பரிகாசத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறார்கள். ஒருவரின் தடுமாறும் பேச்சு, கோணல் கையெழுத்து, செய்தொழில், உடலமைப்பு ஆகியவற்றைப் பார்த்துச் சிரிப்பதையெல்லாம் அங்கே சேர்க்கிறார்கள். செய்தொழிலும் அதில் உண்டு என்பதை நம் மாணவர் கவனிக்க வேண்டும். 'படத்தைத்தானே சிரித்தோம், படைத்தவரையா?' என்று எளிதில் தப்பிவிட இமாமவர்கள் விடவில்லை. ஆனால் அளவுகோலையும் அவர்களே தருகிறார்கள்: பரிகசிக்கப்படுபவர் அதனால் புண்படுகிறாரா என்பதே கேள்வி. தம்மைப் பிறர் நகைக்க உவந்து இடங்கொடுப்பவர் விஷயத்தில் அது வெறும் வேடிக்கையாகிவிடும்.

இந்த அளவுகோலை நிகழ்ச்சியின்மீது வைத்துப் பார்த்தபோது நமக்குப் பல புலப்பட்டன. 'ஹாப்காப்ளின்ஸ்' என்ற படத்தை 1998இல் இக்கூட்டத்தார் கேலி செய்தனர். அதன் இயக்குநர் ரிக் ஸ்லோன், பாகம் முழுவதையும் பார்த்துத் தாமே சிரித்ததாகவும், இறுதியில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது கேலி தம்மீதே திரும்பியதை எதிர்பார்க்கவில்லை என்றும் பின்னாளில் கூறியிருக்கிறார். கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் குறித்த கோடு எங்கே ஓடுகிறது என்பதை, அந்தப் பெயரையே கேட்டிராத ஓர் அமெரிக்கர் துல்லியமாகக் காட்டிவிட்டார். வேலையைக் கண்டு சிரித்தவரை அவரும் உடன் சிரித்தார். ஆளைத் தொட்டவுடன் சிரிப்பு நின்றுவிட்டது.

இதைவிட நெஞ்சை உறுத்துவது 'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்'. டெக்ஸாஸ் மாநிலத்து எல் பாஸோ நகரில், உரம் விற்று வந்த ஹரால்டு வாரன் என்பவர் எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தும் 1966இல் வெளியிட்ட படம். ஒரே மூச்சில் அரை நிமிடத்துக்கு மேல் படம் பிடிக்க இயலாத கேமரா, ஒலிப்பதிவு கிடையாது, பின்னர் சிலரே எல்லோருக்கும் குரல் கொடுத்தனர். ஊர் அரங்கில் முதல் காட்சியின்போதே மக்கள் நகைத்தனர். பிறகு அப்படி ஒரு படம் இருந்ததே பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. 1993 ஜனவரியில் இந்நிகழ்ச்சி அதனை எடுத்து ஓட்டியது. அதில் டோர்கோ என்ற பணியாள் பாத்திரம் பருத்த முழங்கால்களோடு தள்ளாடித் தள்ளாடி நடக்கும். பார்வையாளர்கள் அதிகம் சிரித்தது அந்த நடைக்குத்தான். நிகழ்ச்சியினர் அப்பாத்திரத்தைத் தம் மேடைக்கே வரவழைத்து மேலும் சிரித்தனர். டோர்கோவாக நடித்த ஜான் ரெனால்ட்ஸ் என்னும் இளைஞர், படம் வெளியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டவர்.

இதனை அறிந்தபின் அந்தப் பாகத்தை நம்மால் முன்போல் பார்க்க முடியவில்லை. மறுபுறமும் உண்டு, அதையும் மறைக்கலாகாது. இந்தக் கேலி இல்லையேல் அந்தப் படமும் அவர் பெயரும் எங்கோ ஒரு பெட்டியில் மக்கிப் போயிருக்கும். கேலிக்குப் பிறகே அதன் மூலப்படிச் சுருளைத் தேடியெடுத்து ஒருவர் செப்பனிட்டார்; சிறுமியாக நடித்தவர், வளர்ந்தபின் அந்தப் படப்பிடிப்பைப் பற்றித் தம் நினைவுகளை நூலாக எழுதினார். சிரிக்க வந்தவர்களில் சிலர் அக்கறையோடு தங்கிவிட்டனர். ரசிகரின் பிரியம் என்று நம் மாணவர் சொல்வது இந்த அக்கறையைத்தான் எனில், அதனை நாம் மதிக்கிறோம். இறந்தவரின் நடைக்குச் சிரிப்பதை அது ஈடுசெய்துவிடும் என்று மட்டும் சொல்லமாட்டோம்.

இனி, அரபு கற்றவர் என்ற முறையில் நம்மைத் தனியே தைத்த ஒன்று. 1993இலேயே இவர்கள் 'தி மேஜிக் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்' என்ற படத்தையும் எடுத்துக்கொண்டனர். பெயரைக் கண்டு ஆவலுடன் பார்த்தோம். ஆயிரத்தோர் இரவுகளின் பாக்தாத் வணிகர் சிந்துபாத் அதில் இல்லை. அது 1953இல் அலெக்ஸாந்தர் புதுஷ்கோ இயக்கிய 'ஸாத்கோ' என்னும் ருஷ்யப் படம். நோவ்கரத் நகரின் பழங்கதைப் பாடகன் ஒருவன், இன்பப் பறவையைத் தேடிக் கடல் கடந்து இந்தியா வரைக்கும் சென்று மீளும் கதை. அவ்வாண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் பெற்றது. அதனை 1962இல் அமெரிக்க விநியோகஸ்தர்கள் வெட்டி, ஆங்கிலக் குரல் ஒட்டி, பனிப்போர்க் காலமாதலால் நடிகர்களின் பெயர்களையும் ஆங்கிலமாக்கி, ருஷ்ய வீரனுக்கு அரபுப் பெயர் சூட்டிச் சந்தைக்கு விட்டனர். இவ்வாறே புதுஷ்கோவின் 'இலியா முரோமெத்ஸ்', 'ஸாம்போ' ஆகியனவும் உருக்குலைந்து இக்கூட்டத்தாரிடம் வந்து சேர்ந்தன.

கிதாபு ஓதுபவனுக்கு முதற்பாடம் நுஸ்காவைச் சரிபார்ப்பது. பிழை முஸன்னிஃபுடையதா, பிரதி எடுத்த காதிபுடையதா என்று தேறாமல் எவரும் மறுப்பெழுதத் துணிவதில்லை. எழுதினால் அடுத்த ஹாஷியாக்காரர் அவரைக் கிழித்துவிடுவார். இங்கோ, காதிபு செய்த பாழுக்கு முஸன்னிஃபு சிரிக்கப்பட்டார். ஒட்டிய குரலின் அசட்டுத்தனமும் வெட்டிய கதையின் பொருந்தாமையும் புதுஷ்கோவின் கணக்கில் எழுதப்பட்டன. பரிகசிக்கப்படுவோர் மேலானவர்களாக இருக்கலாம் என்று திருமறை சொன்ன காரணம் நினைவுக்கு வரவில்லையா? டாம் சர்வோவுக்கு நெடுங்காலம் குரல் கொடுத்த கெவின் மர்ஃபி, இப்படங்களின் காட்சியழகைப் பேட்டிகளில் மனமாரப் புகழ்ந்திருக்கிறார். அது அவருக்குப் பெருமை. ஆனால் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் எல்லோரும் பேட்டியைப் படித்திருக்க மாட்டார்கள்.

மாணவருக்கு நாம் எழுதியது இதுவே: பிரியத்தை விடவேண்டாம், 'ஸாத்கோ'வை ருஷ்ய மொழியிலேயே, துணையெழுத்துடன், கேலியில்லாமல் ஒருமுறை பார்க்கவும், கடலடி அரசனின் மாளிகையில் நிகழும் காட்சிகளுக்கு அவசரமின்றி நேரம் கொடுக்கவும், பிறகு வேண்டுமானால் ஹாஷியாவுக்கு வரலாம். அவர் பார்த்தார். சிந்துபாத் பாகத்தில் இன்னும் பாதி இடங்களில் சிரிப்பு வருகிறது, மீதிப் பாதியில் வரவில்லை என்று பதில் எழுதினார். மீதிப் பாதி எவை என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.

கலை என்ற அளவில் ஒரு குறை சொல்ல வேண்டும். 1996இல் இவர்கள் திரையரங்குக்கென்று தனிப்படம் எடுத்தபோது, கேலிக்கு வைத்தது 'திஸ் ஐலண்ட் எர்த்' என்னும் 1955ஆம் ஆண்டு வண்ணப்படம். அது அப்படியொன்றும் கெட்ட படமன்று. அது மட்டுமா, கேலியும் கதைச் சட்டகமும் சேர்ந்த முழுப்படமே மூலப்படத்தைக் காட்டிலும் குறுகியது! மத்னை வெட்டி ஹாஷியாவுக்கு இடம் செய்த அச்சுக்கூடத்தை நாம் கண்டதில்லை.

பின்னர் 2015இல் நிகழ்ச்சியை மீண்டும் தொடங்கப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். 48,270 பேர் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தனர். முன்பு ஒளிநாடாக்களைக் கைக்குக் கை மாற்றிப் பரப்புங்கள் என்று நிகழ்ச்சியின் முடிவில் எழுதிக் காட்டிய காலத்திலிருந்தே சேர்ந்த கூட்டம் அது. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் வழியே வந்த புதிய பாகங்களில் இரண்டைப் பார்த்தோம். பொம்மைகள் பழையவை, நடத்துபவர் புதியவர். குறிப்புகள் மழைபோல் விழுகின்றன. ஒன்றை உணர்ந்து முடிப்பதற்குள் மூன்று கடந்துவிடுகின்றன. ஜோயல் காலத்தில், நிழலுருக்கள் மூன்றும் சற்று நேரம் வாய்மூடி, படம் என்ன செய்கிறதென்று பார்த்துக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. பழைய பாகங்களில் நாம் மீண்டும் மீண்டும் பார்ப்பவை அந்த இடங்களே.