மேப்பிள் தெருவில் செய்தி கேட்கப் போனவர்

ராட் செர்லிங் (1924–1975) உருவாக்கிய 'தி ட்விலைட் சோன்' அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1959 முதல் 1964 வரை ஒளிபரப்பான தொடர். மொத்தம் 156 பகுதிகள், ஒவ்வொன்றும் தனிக்கதை. அவற்றுள் செர்லிங்கே எழுதிய 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' 1960 மார்ச் 4 அன்று ஒளிபரப்பானது. செய்திகள் சலித்துப்போய்ப் பழைய தொடர்களுக்குள் ஒதுங்குகிறவர்கள், 'இது இன்றைய அரசியல்தானே' என்று சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று. அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் செய்தியை விட்டு ஒதுங்குவதை இந்தக் கதை ஆதரிக்கவில்லை.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். ஒப்புமை பார்வையாளரின் கற்பனை அல்ல, எழுதியவர் வைத்தது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுவிக்கப்பட்டனர். அதன் தாக்கத்தில் செர்லிங் எழுதிய 'நூன் ஆன் டூம்ஸ்டே' நாடகம் 1956இல் ஒளிபரப்பானபோது அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. விளம்பரதாரர்கள் தென்மாநிலங்களின் கோபத்துக்கு அஞ்சினர். கதை நடக்கும் இடம் நியூ இங்கிலாந்துக்குப் போயிற்று. தெற்கை நினைவூட்டும் என்று கோக்க கோலா புட்டிகள்கூட நீக்கப்பட்டன. மனிதர்களைக் கொண்டு சொல்ல முடியாததை வேற்றுக்கிரகவாசிகளைக் கொண்டு சொல்லலாம் என்ற வழி செர்லிங்குக்குப் பிறந்தது இப்படித்தான். மேப்பிள் தெருக் கதையின் பின்னால் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்து அச்சம் இருக்கிறது.

கதை எளிது. ஒரு மாலை வானத்தில் பேரொளி தோன்றி மறைகிறது. மின்சாரம், தொலைபேசி, வானொலி, கார் எல்லாம் நின்றுவிடுகின்றன. விசாரித்து வர ஊருக்குள் கிளம்பும் ஸ்டீவையும் சார்லியையும் டாமி என்ற சிறுவன் தடுக்கிறான். வேற்றுக்கிரகவாசிகள் மனித உருவில் ஒரு குடும்பத்தை முன்கூட்டியே அனுப்புவார்களாம், படக்கதையில் படித்தானாம். அவ்வளவுதான். ஒருவரின் கார் தானே கிளம்பினால் அவர்மேல் சந்தேகம். அவர் தூக்கம் வராமல் இரவில் வானத்தைப் பார்ப்பவர் என்பது அடுத்த சான்று. நிதானமாகப் பேசும் ஸ்டீவின் வீட்டு வானொலிக் கருவியை யாரும் பார்த்ததில்லை என்பது இன்னொன்று. (எங்கள் தெருவில் மின்வெட்டு நேரத்தில் பேசிக்கொள்ளும் காரணங்களைக் கேட்டவருக்கு இது மிகையாகத் தோன்றாது.)

பெரும்பாலான பார்வையாளர்கள் தம்மை ஸ்டீவின் இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். கூச்சலிடும் சார்லி எப்போதும் எதிர்க்கட்சிக்காரர்தான். இரண்டு கட்சிக்காரர்களும் இதே கதையை ஒருவர்மேல் ஒருவர் எறியலாம். கதைக்கு ஒன்றும் ஆகாது, கற்றுக்கொள்வதும் ஒன்றுமில்லை. சார்லியே சில நிமிடங்களில் குற்றவாளி ஆகிறார் என்பதும், தப்பிக்க அவர் அந்தச் சிறுவனைக் கைகாட்டுகிறார் என்பதும் அப்போது மறந்துபோகின்றன.

நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. அந்தத் தெருவை அழிக்க முதலில் செய்யப்பட்டது செய்தியை நிறுத்துவதுதான். வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாத இடத்தை ஒரு படக்கதை நிரப்புகிறது. பீட் வான் ஹார்ன் என்பவர் மட்டும் அடுத்த தெருவில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்துவரப் போகிறார். இருட்டில் அவர் திரும்பி வரும்போது சார்லி துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டுவிடுகிறார். கொண்டுவந்த செய்தியைச் சொல்ல அவருக்கு நேரம் இல்லை. செய்தியைத் தவிர்ப்பதற்காக இந்தக் கதைக்குள் வருகிறவர், பீட் போன பிறகும் அந்தத் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தவர்களுள் ஒருவராகிறார்.

கதையில் குறை உண்டு. இறுதியில் குன்றின்மேல் நிற்கும் வேற்றுக்கிரகவாசிகள் எல்லாவற்றையும் விளக்குகிறார்கள். மாணவர்கள் யோசிக்குமுன் கரும்பலகையில் விடையை எழுதிவிடும் ஆசிரியரைப் போல. 2003இல் வந்த மறுஆக்கம் அவர்களுக்குப் பதில் இராணுவத்தினரை வைத்தது. காலத்துக்கேற்ற மாற்றம்தான், விளக்கவுரை மட்டும் நீங்கவில்லை.

இதன் நாடக வடிவம் அமெரிக்கப் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றிருக்கிறது. மொத்தம் 25 நிமிடம். பார்க்கும் மாணவர்கள் தொடக்கத்திலேயே பீட்டைக் கவனித்துக்கொள்ளலாம்: இடுப்பில் சுத்தியலுடன், யாருடனும் வாதாடாமல் பக்கத்துத் தெருவை நோக்கி நடந்துவிடுவார்.