கொயாமாவின் எருமையும் பாங்காக் மாநகரமும்

ஆசிய இறையியல் பயிலும் நம் மாணவர்கள் விரும்பிப் படிக்கும் நூல்களுள் ஒன்று கோசுகே கொயாமாவின் ‘எருமை இறையியல்’. ஜப்பானியரான கொயாமா 1960 முதல் 1968 வரை வட தாய்லாந்தில் மிஷனெரியாக ஊழியம் செய்து, சியாங் மாய் இறையியற் கல்லூரியில் கற்பித்தவர். நாட்டுப்புறச் சபைக்குப் பிரசங்கிக்கச் செல்லும் வழியில் சேற்று வயல்களில் நிற்கும் எருமைகளைக் கண்டு, இவற்றோடு நாளெல்லாம் உழைப்பவர்க்கு விளங்குமாறு நற்செய்தியைக் கூற வேண்டும் என்று அவர் தமக்கே கட்டளையிட்டுக்கொண்டார். தாமஸ் அக்வினாசையும் கார்ல் பார்த்தையும் கற்றவரே அவர். ஆயினும் உழவரின் தேவையிலிருந்து தொடங்கத் துணிந்தார். 1974இல் வெளிவந்த அந்நூலின் புகழ், ஆசிரியர் 2009இல் மறைந்த பின்னரும் குன்றவில்லை.

நாமும் இந்நூலைப் பல்லாண்டுகள் போற்றிக் கற்பித்திருக்கிறோம். அவ்வுரிமையாலேயே இப்போது ஒரு குறையையும் கூறத் துணிகிறோம்.

எருமை வயலை விட்டுப் போய்விட்டது என்பதன்று நம் குறை. தாய்லாந்தின் உழவர் கையால் செலுத்தும் உழுபொறிக்கு ‘இரும்பு எருமை’ என்றே பெயரிட்டுவிட்டனர். அவர்தம் மக்களுள் பலர் பாங்காக்கில் வாடகை வண்டி ஓட்டியும் ஆலைகளில் உழைத்தும் வாழ்கின்றனர். காலம் மாறுவதற்கு நூலாசிரியர் பொறுப்பல்லர்; சிங்கப்பூர் போன்ற நகரங்களையும் அவர் எண்ணிப் பார்த்தவரே. நம் குறை நூலின் உயிர்நிலையைப் பற்றியது. பற்றனைத்தும் அற்றுக் குளிர்ந்த அரகந்தர் ஒருபுறம். தம் மக்கள்பால் வைராக்கியம் கொண்டு கனலும் கடவுள் மறுபுறம். தாய் மக்கள் நற்செய்தியைக் கேட்கத் தயங்குவது இம்முரணால் என்று கொயாமா காண்கிறார். கடவுளின் சினத்தைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதி ஆழமானது. ஆனால் பாங்காக்கின் தெருக்களில் இக்குளிர்ந்த பௌத்தத்தைத் தேடினால் எளிதில் கிடைப்பதில்லை.

ராட்சப்பிரசோங் சந்திப்பில், பேரங்காடிகளின் நடுவே, 1956இல் நிறுவப்பெற்ற எராவன் சந்நிதியில் நான்முகப் பிரமன் வீற்றிருக்கிறார். தேர்வுக்கும் வேலைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அங்கே நேர்ந்துகொள்வோர் உண்டு. வேண்டியது கிட்டியபின் நாட்டியக் குழுவுக்குப் பணம் செலுத்தி ஆடச்செய்து நேர்த்திக் கடனைத் தீர்ப்பர். சீலோம் சாலையிலோ, தமிழ்க் குடியேறிகள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்று மாலையோடு நிற்பவருள் தாய் மக்களே மிகுதி. அதே சாலையில்தான் கிறிஸ்தவ மருத்துவமனையும் இருக்கிறது. கேட்டல், பெறுதல், திருப்பிச் செலுத்துதல் என்னும் இவ்வழிபாடு குளிர்ந்ததன்று, நன்றாகவே கனல்வது. பௌத்தத்தைவிடப் பௌத்தரே தமக்கு முக்கியம் என்று வற்புறுத்திய கொயாமா, இவ்விடத்தில் மனிதரை விட்டுக் கோட்பாட்டின் பின் சென்றுவிட்டாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

உண்மையான தடை எது? தாய் மொழியின் சொற்களே அதைக் காட்டுகின்றன. நம் ‘பாவம்’ அவர்கட்கு ‘பாப்’; ‘புண்ணியம்’ அவர்கட்கு ‘புன்’; ‘கர்மம்’ அவர்கட்கு ‘கம்’. தாய் வேதாகமத்தில் ‘கிருபை’க்கு வழங்கும் சொல் ‘பிராகுன்’. இதன் பிற்பகுதி நம் ‘குணம்’ என்னும் சொல்லே. ஆனால் தாய் பிள்ளைகள் இச்சொல்லை முதலில் கேட்பது சபையிலன்று. பெற்றுப் பாலூட்டி வளர்த்த தாயின் பேருதவியைக் குறிப்பதும் இதே சொல்தான். அவ்வுதவியை மறவாத பண்புக்குக் ‘கதன்யூ’ என்று பெயர். வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்த செய்ந்நன்றியறிதல் எனலாம். மகன் சில காலமேனும் துறவாடை அணிந்து பெற்றோர்க்குப் புண்ணியம் சேர்ப்பதும், அவர்கள் இறந்தபின் தகனத்திற்கு முன் மகனோ பேரனோ தலைமழித்துத் துறவு ஏற்பதும் இக்கடனைத் தீர்க்கும் வழிகள். ஞானஸ்நானம் பெற்றவன் இவற்றைச் செய்ய இயலாதவன் ஆகிறான். எனவே தாய் இளைஞனிடம் கடவுளின் பிராகுனைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது, தாயின் பிராகுனுக்கு எதிரே அதைத் தராசில் வைக்கிறோம். அவன் மறுப்பது படைத்தவரை அன்று. நன்றி கொன்றவன் என்னும் பெயரை.

இக்கோணத்திலிருந்து நோக்கினால் அந்நாட்டு மிஷன் வரலாறும் வேறு விதமாய்த் தோன்றுகிறது. புராட்டஸ்டன்ட் பணி பாங்காக்கில் 1828இல் தொடங்கியது. 1835இல் வந்த மருத்துவர் டேன் பீச் பிராட்லி அம்மை குத்தினார், அச்சகம் நடத்தினார், செய்தித்தாள் வெளியிட்டார். 1873இல் இறக்கும்வரை அவர் கண்ட மதமாற்றங்களோ மிகச் சில. பிரஸ்பிட்டேரியன் மிஷன் தன் முதல் சயாமிய விசுவாசியை 1859இல்தான் பெற்றது. நவீன அறிவு பௌத்தத்தைக் கரைத்துவிடும் என்று நம்பியவர் பலர். 1868ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தை மிஷனெரி மெக்கில்வரி முன்னறிவித்தது வடக்கே நான் இந்தா என்பவரின் மனத்தை அசைத்து, அவர் சியாங் மாயின் முதல் விசுவாசியாக வழிகோலியது. அதே கிரகணத்தைத் தெற்கே தாமே கணித்து அறிவித்தவர் மன்னர் மோங்குட். பல்லாண்டுகள் துறவியாயிருந்து மிஷனெரிகளிடம் ஆங்கிலம் கற்ற அவர், பௌத்தத்தைச் சீர்திருத்தினாரேயன்றி விட்டுவிடவில்லை. (இவ்வொரு நிகழ்ச்சியே ஒரு பருவம் கற்பிக்கப் போதும்.)

மிஷன் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெரும் நன்மதிப்பை ஈட்டின. அங்குக் கற்ற பௌத்தர்கள் தம் பள்ளிக்கு நன்றியுடையவர்களாய், பௌத்தர்களாகவே வாழ்கின்றனர். கத்தோலிக்கரையும் சேர்த்தே கிறிஸ்தவர் அந்நாட்டில் நூற்றுக்கு ஒருவர் அளவினர். 1981இல் கிரியங்சாக் சரோன்வோங்சாக் தொடங்கிய ‘பாங்காக் நம்பிக்கை’ சபை வேறு வழியில் சென்றது. சிறு குழுக்கள், கண்டிப்பான சீடத்துவம், வல்லமையை நாடும் ஜெபம் ஆகியவற்றால் சில ஆண்டுகளுக்குள் அது மாணவரையும் அலுவலரையும் பெருந்தொகையாய் ஈர்த்தது. ஏனைய சபைகளோடு பிணக்குகளும் எழுந்தன. அதே வகுப்பு இளைஞரைத் தம்மகாய பௌத்த இயக்கமும் அக்காலத்திலேயே பல்கலைக்கழகங்களில் திரட்டிக்கொண்டிருந்தது. ஆகவே கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்தவன் வேரற்றவன், எளிதில் நம் பக்கம் வருவான் என்னும் கணக்கு தவறானது. அவனுக்குப் புதியதொரு குடும்பம் தேவைப்பட்டது உண்மை; அதைத் தர விகாரையும் முன்வந்தது.

புதிய சபைகளைக் குறைகூறுவது எளிது. வல்லமைப் பிரசங்கம் எராவன் சந்நிதியின் மொழியிலேயே பேசுகிறது, நேர்த்திக் கடனின் முகவரியை மட்டுமே மாற்றுகிறது என்ற ஐயம் நமக்கும் உண்டு. ஆயினும் குடும்பத்தை இழக்கப்போகிறவனுக்குக் குடும்பம் வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டனர். பழைய சபைகள் அதைக் காணவில்லை. அவர்கள் செய்த பிழை, புதிய குடும்பத்தைக் கொடுத்ததனால் பழைய கடன் தீர்ந்தது என்று எண்ணியதே. இயேசு, பெற்றோர்க்கு உதவ வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று தேவனுக்கு ஒதுக்கியவர்களைக் கடிந்துகொண்ட பகுதி (மாற்கு 7) பாங்காக்கின் பிரசங்க பீடங்களில் எத்துணை கூர்மையாய் ஒலிக்கக்கூடும்!

இனி நம் மாணவர்கட்கு இந்நூலைக் கற்பிக்கும்போது ஒரு காட்சியையும் உடன்வைக்க எண்ணியுள்ளோம். தாய் இறந்துவிட்டாள். விகாரையில் பிக்குகள் ஓதுகின்றனர். சகோதரர் தலைமழித்து நிற்கின்றனர். கிறிஸ்தவளான மூத்த மகள் வாயிலில் நிற்கிறாள்: உள்ளே செல்லலாமா, கைகூப்பலாமா, ஊதுபத்தியை ஏந்தலாமா, ஏந்தாவிடில் அத்தைமார் என்ன சொல்வர்? அவளுடைய போதகர் உடன்வந்திருக்கிறார். கொயாமாவின் நூலில் இதற்குத் தனி அதிகாரம் இல்லை. அந்தப் போதகர் அவளுக்கு என்ன கூற வேண்டும் என்பதே அப்பருவத்தின் தேர்வு வினாவாக இருக்கும்.