கள்வனை அறிதல்: ஆய்வாளர் ஜெனிகதாவும் கொலைக்களக் காதையின் காவலரும்

மங்கி பஞ்ச் என்னும் புனைபெயர் கொண்ட சப்பானிய ஓவியர் 1967இல் தொடங்கிய ‘மூன்றாம் லூப்பன்’ சித்திரக்கதையில், லூப்பன் என்னும் பெருங்கள்வனைப் பிடிப்பதையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர் ஆய்வாளர் ஜெனிகதா. இருவருக்கும் இலக்கிய முன்னோர் உண்டு. லூப்பன், மொரீஸ் லெப்ளாங் 1905இல் அறிமுகப்படுத்திய பிரெஞ்சுக் கள்வனின் பேரன். ஜெனிகதாவோ, நொமுரா கோதோ 1931இல் படைத்த துப்பறிவாளர் ஜெனிகதா ஹெய்ஜியின் வழித்தோன்றல். ஹெய்ஜி காசை எறிந்து குற்றவாளிகளை மடக்குவார். இவர் கைவிலங்கை எறிகிறார். அவ்விலங்கில் லூப்பனின் கை நிலைத்து நிற்பதில்லை. இவ்வோயாத தோல்வி கருதி இவரை நகைப்புக்குரிய பாத்திரமாக மட்டுமே கொள்வது வழக்கம். மியாசாக்கி ஹயாவ் 1979இல் இயக்கிய ‘காலியோஸ்ட்ரோவின் கோட்டை’ திரைப்படம் அவ்வழக்கத்தை ஐயுறச் செய்கிறது.

லூப்பனைத் துரத்தி ஒரு சிறு நாட்டின் கோட்டைக்குள் புகும் ஜெனிகதா, அதன் நிலவறையில் கள்ளநோட்டு அச்சகத்தைக் காண்கிறார். பல நாடுகளின் பணமும் அங்கே போலியாக உருவாகிறது. அதை நடத்துபவன் நாட்டை ஆளும் பிரபு. செய்தியை இன்டர்போலிடம் எடுத்துச்சென்றபோது, அரசியல் சிக்கலுக்கு அஞ்சி அவ்வமைப்பு பின்வாங்குகிறது. பிரபுவைத் தொட அவருக்கு ஆணை இல்லை. லூப்பனைத் துரத்த மட்டுமே உரிமை உண்டு. ஆகவே லூப்பனைத் தேடுவதாகப் பாவித்து, தொலைக்காட்சிக் கேமராவையும் உடன் அழைத்துக்கொண்டு நிலவறைக்குள் ஓடி, கள்ளநோட்டுகளைத் தற்செயலாகக் கண்டவர்போல் திகைத்து நிற்கிறார். நடிப்பு மிக மோசம். நகைப்பும் அதனாலேயே எழுகிறது. ஆயினும் ஊரறிந்த பித்து அறத்துக்குத் திரையாகும் இக்காட்சியே படத்தின் மிகக் கனமான பகுதி எனலாம்.

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். அங்கும் மெய்க்கள்வன் அதிகாரத்தின் அருகில் இருக்கிறான்: அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன். அவனுடன் சென்ற காவலர், கோவலனின் தோற்றத்தைக் கண்டதும் இவன் கொலைக்குரியவன் அல்லன் எனத் தயங்குகின்றனர். உடனே பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வரின் துணைகள் எட்டையும் விரித்துரைக்கிறான். அவன் சொன்னவை களவு நூலோர் கூறுபவையே. ஆனால் அவ்வறிவு ‘கள்வன்’ என்னும் வகையைப் பற்றியது. எதிரே நிற்கும் கோவலனைப் பற்றியதன்று. வகையறிவு முன்னிற்க, கண்ட சான்று பின்தள்ளப்படுகிறது. களிப்பேறிய கல்லாக் காவலன் ஒருவனின் வாள் எஞ்சியதை முடிக்கிறது.

ஜெனிகதாவிடம் இத்தகைய பட்டியல் இல்லை. அவர் அறிந்தது ஒரே ஒரு கள்வனை. அவன் எதைத் திருடுவான், எதைத் தொடமாட்டான் என்பதை அறிந்திருப்பதாலேயே, நிலவறையில் சிக்கியபோது தப்பிக்கும்வரை பகை நிறுத்தி அவனுடன் உடன்பட முடிகிறது. காவலறம் நோக்கின் இது ஐயத்துக்கு இடமான உடன்பாடே. மியாசாக்கியின் லூப்பன் சித்திரக்கதையின் லூப்பனைவிடப் பெரிதும் மென்மையானவன் என்பதும் மறக்கத்தக்கதன்று. மூலக்கதையின் முரட்டுக் கள்வனிடம் இந்த நம்பிக்கை இத்துணை எளிதாகப் பொருந்தாது.

படத்தின் முடிவில், லூப்பன் தன்னிடமிருந்து எதையும் எடுத்துச்செல்லவில்லை என்கிறாள் இளவரசி கிளாரிஸ். ஜெனிகதா அதை மறுத்து, அவன் கவர்ந்து சென்றது அவளுடைய உள்ளத்தை என்கிறார். பலரும் போற்றும் இவ்விடத்தைக் காதற்சுவைக்கு மட்டும் உரியதாகக் கொள்ளுதல் குறைவுடைத்து. சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அடங்காத அக்களவைக் கண்டு சொல்லக்கூடியவர் அங்கே அவர் ஒருவரே. சொல்லியதும் விடைபெற்று, தம் காவலருடன் மீண்டும் லூப்பனின் பின்னே விரைகிறார்.