தழும்பு சிறியது, தையல் எப்படி?

பைபாஸ் என்றாலே மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறக்கத்தான் வேண்டுமா? 1998இல் பாரிஸில் திதியே லூல்மே குழுவினர், விலா இடுக்குகளில் போட்ட துளைகள் வழியே ரோபோக் கைகளை நுழைத்து இதயத் தமனியைத் தைத்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகவே அன்று தோன்றியது. ஆனால் 2012இல்கூட அமெரிக்காவின் இதய அறுவை சிகிச்சைப் பதிவேட்டில் ரோபோ உதவியுடன் நடந்த பைபாஸ்கள் நூற்றுக்கு ஒன்றை எட்டவில்லை.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'ரோபோ பைபாஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு அறுவை சிகிச்சைகள் உலவுகின்றன. ஒன்றில் ரத்தக்குழாய் இணைப்பு உட்பட எல்லாமே துளைகள் வழியாக நடக்கிறது. மற்றதில் மார்புச் சுவரின் உட்புறத் தமனியைப் பிரித்தெடுப்பதோடு ரோபோவின் வேலை முடிந்துவிடும். பிறகு இடது விலாக்களுக்கு இடையே நான்கைந்து சென்டிமீட்டர் கீறி, துடிக்கும் இதயத்தின் மீது மருத்துவர் தன் கையாலேயே தைக்கிறார். இன்று பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். விளம்பரப் பலகை இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. இரண்டிலுமே இயந்திரம் தானாக எதையும் செய்வதில்லை. சில அடி தள்ளி அமர்ந்திருக்கும் மருத்துவரின் விரலசைவைத்தான் அது திருப்பிச் செய்கிறது.

கிடைக்கும் பலன் மெய்யானது. எலும்பை அறுக்காததால், சர்க்கரை நோயாளிகளை வாட்டும் மார்பெலும்புத் தொற்றுக்கு இடமில்லை. ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. இடது மார்புத் தமனியை இதயத்தின் முன்புறத் தமனியோடு இணைப்பதுதான் பைபாஸின் உயிர்நாடி. அந்த இணைப்புப் பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்வதை கிளீவ்லேண்ட் மருத்துவர்கள் 1986இலேயே காட்டிவிட்டார்கள். ரோபோ முறையும் அதே இணைப்பைத்தான் தருகிறது.

ஆனால் அந்த இணைப்பு எவ்வளவு நன்றாக அமைகிறது? அமெரிக்காவில் 12 மையங்களில் நடந்து 2006இல் வெளியான முழுத் துளைவழி பைபாஸ் ஆய்வு இங்கே முக்கியமானது. இறப்பு இல்லை, பக்கவாதம் இல்லை. மூன்று மாதம் கழித்து ஆஞ்சியோ எடுத்துப் பார்த்த 76 பேரில் 6 பேருக்கு இணைப்பு பாதிக்கு மேல் சுருங்கியோ அடைத்தோ இருந்தது. பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் எண் இன்னொன்று உண்டு: சேர்க்கப்பட்டவர்கள் 98 பேர், சிகிச்சை பெற்றவர்கள் 85 பேர். மீதி 13 பேருக்கு இது ஒத்துவராது என்று அறுவை மேசையிலேயே தெரிந்தது. அந்த 85 பேரிலும் ஐவருக்குத் திறந்த முறைக்கு மாற வேண்டியிருந்தது. இதய அறுவை மருத்துவர் பொனாட்டியின் குழுவினர் 500 பேருக்குச் செய்த முழுத் துளைவழி பைபாஸிலும் பத்தில் ஒருவருக்குப் பெரிய கீறல் தேவைப்பட்டது. கைதேர்ந்தவர்களின் கணக்கே இப்படி என்றால், புதிதாகத் தொடங்கும் மையத்தின் கணக்கு எப்படி இருக்கும்? திறந்த முறையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய சீரற்ற ஆய்வும் கிடையாது. 'ரோபோதான் மேல்' என்று காட்டும் ஒப்பீடுகள் பலவற்றில் நோயாளிகள் முன்கூட்டியே பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள்.

தொடுவுணர்வு இல்லாதது பழைய குறை. முடியினும் மெல்லிய நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைப் பெரும்பாலும் கண்ணால்தான் ஊகிக்க வேண்டும். வணிகக் காரணங்களும் குறுக்கே வந்தன: துடிக்கும் இதயத்தை அசையாமல் பிடிக்க டாவின்சி ரோபோவின் முந்தைய மாடலில் இருந்த தனிக் கருவி, பின்னர் வந்த எக்ஸ்ஐ மாடலுக்குத் தயாரிக்கப்படவில்லை.

பயிற்சிக் குறைவின் விலையை 2015இல் இங்கிலாந்தின் நியூகாசில் காட்டியது. அது பைபாஸ் அல்ல, அந்நாட்டின் முதல் ரோபோ வால்வு சிகிச்சை. வழிகாட்ட வந்த நிபுணர்கள் இருவர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். நோயாளி சில நாட்களில் இறந்தார். வழக்கமான முறையில் செய்திருந்தால் அவர் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2018இல் மரண விசாரணை முடிவு சொன்னது.

இதற்கிடையே, 2025 ஜனவரியில் குருகிராமில் அமர்ந்தபடி ஒரு மருத்துவர் 286 கி.மீ. தொலைவிலிருந்த ஜெய்ப்பூர் நோயாளிக்கு ரோபோ வழி இதய சிகிச்சை செய்தார். தொலைவு தலைப்புச் செய்திக்கு உதவும்; நோயாளிக்குத் தேவை, ஓராண்டு கழித்தும் இணைப்பு திறந்திருக்கிறதா என்ற தகவல்.

முன்புறத் தமனியில் மட்டும் அடைப்புள்ளவருக்கு, ஆண்டுதோறும் இதை நிறையச் செய்யும் குழுவிடம், இது நல்ல தேர்வு. பல குழாய்களில் அடைப்புள்ளவரைப் புதுக் குழுவொன்று அழைத்தால் மறுப்பதே நல்லது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேளுங்கள்: தைப்பது ரோபோவா, கையா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு நெஞ்சைத் திறக்க வேண்டிவந்தது?