பாழூர் வரைபடமும் கிணற்றுரிமையும்

நிலப்படம் இடங்களை மாத்திரம் காட்டுவதன்று. எவருடைய கண்கொண்டு அவ்விடங்கள் நோக்கப்படுகின்றன என்பதையும் அது காட்டிவிடுகின்றது. ஆதலின் இலக்கியத்தைப் போன்றே நிலப்படத்தையும் சமூகவியல் நோக்கில் ஆராய்தல் தகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். இதிலும் இதன் வழிவந்தவற்றிலும் ஆடுவோர் வீரர், மந்திரவாதி முதலிய பாத்திரங்களை ஏற்று, நடத்துநரின் படத்திலுள்ள பாழிடங்களுக்குள் புகுவர். 1978இல் மைக் கார் எழுதி வெளிவந்த 'இன் சேர்ச் ஒஃப் தி அன்னோன்' இத்துறை பயில்வோருக்கான கையேடு எனலாம். தலைவர்கள் நீங்கிய கோட்டையொன்று அதிலே கட்டத்தாளில், கட்டமொன்றுக்குப் பத்தடி என்ற அளவில் வரையப்பட்டுள்ளது. எவ்வறையில் எவ்விலங்கு, எப்புதையல் என்பதை நடத்துநரே நிரப்புதல் வேண்டும். ஓர் அறையில் பல தடாகங்கள் உள. ஒன்றில் மது, இன்னொன்றில் அமிலம். குடித்தவருக்கு யாது நேரும் என்பதே அங்கு எழும் வினா. குடிக்கும் உரிமை எவருக்கு இருந்தது என்ற வினா எழுவதில்லை.

இவ்வினாவின் கனத்தை உணர்வதற்குப் புங்குடுதீவை நோக்குவோம். 1991இல் போர் காரணமாக மக்கள் பெருந்தொகையாக வெளியேறியபின் கூரையிழந்து, சுவர் பிளந்து நிற்கும் வீடுகள் அங்கு பல. சாகசப் படம் வரைவோனுக்கு இவை ஆயத்தமான களமாகத் தோன்றலாம். ஆயின் இவ்வீடுகளுட் பல, கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்தியோர் ஈட்டிய பணத்தால் எழுந்தவை. அக்கடைகளின் வரலாற்றையும் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களையும் அறியாது இச்சுவர்களை விளங்கிக்கொள்ள இயலாது. மேலும், ஊர் வெறுமையானதன்று. மீண்டு வந்து வாழ்வோர் உளர்.

நன்னீர் அரிதான இத்தீவிலே, ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றருகே ஒதுங்கிநின்று பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களும் நன்னீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் சத்தியாக்கிரகத்தில் இறங்கியவர் இவ்வூரைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் (1935–1973). முற்போக்கு அணியைக் கடுமையாக விமர்சித்த அவரை, கருத்துமுதல்வாதி என நம்மவர் ஒதுக்கினர். அவருடைய ஆன்மிகத் தத்துவத்தோடு நாம் இன்றும் உடன்படவில்லை. ஆயினும் தம் ஊரின் வர்க்க, சாதி வரைபடத்தைக் கிணற்றிலிருந்து வாசித்தவர் அவரே என்பதை ஒப்புக்கொள்ளாத விமர்சனம் நேர்மையுடையதாகாது.

விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். பாழ் என்பது காலம் தானாகவே விளைவித்த காட்சி, அங்கு எஞ்சியவை புகுந்தவனுக்கே உரியவை என்னும் எண்ணத்தை விளையாட்டும் பயிற்றுகின்றது என்பதே நம் விடை. ஆளில்லாக் காணி எனக் கூறிப் பிறர் நிலத்தைக் கொண்டோர் வரலாற்றில் குறைவல்லர்.

கற்பனையை நாம் மறுக்கவில்லை. அது ஆழமுறவேண்டும் என்றே கோருகின்றோம். பாழூரை வரைவோன் கிணற்றை முதலில் குறிப்பானாக. எவர் அதனை வெட்டினர், எவர் அள்ளினர், எவர் ஒதுங்கி நின்றனர், எவர் எப்போது ஏன் நீங்கினர் என்பவற்றை அடுத்துக் குறிப்பானாக. சுவர்களையும் புதையலையும் அதன் பின்னரே வரையலாம். அப்போது அப்பாழினுள் புகுவோர், தாம் நிற்பது பிறர் வாழ்ந்த முற்றம் என்பதை அறிவர்.