எழுதத் தயங்குவதேன்?

எழுத வேண்டுமென்னும் ஆவல் நம் இளைஞரிடம் இல்லையென்று சிலர் குறை கூறுகின்றனர். அஃது உண்மையன்று. ஆவல் உண்டு, அதனைத் தொடர்ந்து வந்து கையைப் பற்றிக்கொள்ளும் ஐயமும் உண்டு. நாம் எழுதினால் யார் படிப்பர், இதுவும் இலக்கியமாகுமோ என்னும் ஐயத்தால் கருவிலேயே கலைந்த கதைகள் எத்தனையோ! இவ்வையம் எங்கிருந்து பிறக்கின்றது, எதனால் தீரும் என்பதைச் சிங்கப்பூர்த் தமிழெழுத்தின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

சென்ற நூற்றாண்டின் நடுவில் எழுதப் புகுந்தோர்க்குத் தமிழ்ப் பயிற்சி இருந்தது; தம் வாழ்வின்மீது நம்பிக்கை இல்லை. இலக்கியமென்பது தமிழகத்திலிருந்து கப்பலேறி வரும் சரக்கென்றே பலர் எண்ணியிருந்தனர். அந்நிலையில் கோலாலம்பூர்த் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950-51இல் 'கதை வகுப்பு' நடத்தினர். சிங்கப்பூரில் 1935ஆம் ஆண்டு 'தமிழ் முர'சைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952இல் அவ்விதழில் 'எழுத்தாளர் பேட்டை'யைத் திறந்தார். பெயரறியாத இளைஞர்தம் எழுத்தை வரவேற்று, சீர்தூக்கி, அதன் தகுதியை வெளிப்படக் கூறியதே இம்முயற்சிகளின் சிறப்பாகும்.

இதில் நாம் உணரவேண்டிய உண்மையொன்றுண்டு. வெறும் புகழ்ச்சி ஐயத்தைப் போக்காது. தன்னை நம்பாதவன் தன்னைப் புகழ்வோரையும் நம்புவதில்லை. "நடுவில் கதை தொய்கின்றது; இப்பாத்திரம் உயிரின்றி நிற்கின்றது" என்று ஒருவர் எடுத்துக்காட்டினாலோ, தன் எழுத்தை ஒருவர் இறுதிவரை படித்துள்ளார் என்னும் உறுதி அவனுக்கு உண்டாகின்றது. அவ்வுறுதியே அடுத்த கதைக்கு ஊக்கமாகும். ஆயினும் வகுப்பு முறைக்கு ஒரு குறையும் உண்டு. வாத்தியார் விரும்பும்படி எழுதி மதிப்பெண் பெறக் கற்றவன், அவ்வளவில் நின்றுவிடவும் கூடும். எழுதும் முறையை வகுப்புக் கற்பிக்கலாம். எழுதவேண்டிய பொருளை அவனே கண்டடைதல் வேண்டும்.

அதற்குச் சான்றாகப் பி. கிருஷ்ணனைக் கூறுவோம். 1932இல் ஜொகூரில் பிறந்த இவர், புதுமைப்பித்தன் மீது கொண்ட பற்றினால் 'புதுமைதாசன்' எனப் புனைபெயர் சூடினார். தாசன் என்னும் சொல்லில் அன்பும் உண்டு, அடக்கமும் உண்டு. முன்னோர் ஒருவரின் நிழலில் நின்று எழுதத் தொடங்குவதில் இழிவேதுமில்லை. நிழலிலேயே நின்றுவிடுவதுதான் தீது. இவரோ நின்றுவிடவில்லை. 1969-70இல் வானொலித் தொடராக வந்த இவரது 'அடுக்குவீட்டு அண்ணாசாமி', அப்பொழுது சிங்கப்பூரில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி வீட்டையே களமாகக் கொண்டது. திருநெல்வேலித் தெருவைப் புதுமைப்பித்தன் எழுதிவிட்டார். சிங்கப்பூர் அடுக்குவீட்டை அவர் எழுதியிருத்தல் இயலுமா? தாசனுக்கென்று ஓரிடம் அங்கே காத்திருந்தது. 2008இல் இவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது.

இன்றைய ஐயமோ வேறு வகையினது. சிங்கப்பூரின் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலமே பொதுப் போதனா மொழி. தமிழ் ஒரு பாடம். ஆங்கிலப் பள்ளியில் பயின்று, தோட்டத்துக் கிராணி மேசையில் செக்ரோல் எழுதும் நம்போன்றோர்க்கும் இதே நிலைதான். சொல்லக் கதை உண்டு. ஒற்று மிகுமோ மிகாதோ, லகரமோ ளகரமோ என்னும் அச்சத்தால் பேனா நின்றுவிடுகின்றது. அன்று தமிழிருந்தும் பொருளில் ஐயம். இன்று பொருளிருந்தும் தமிழில் ஐயம்!

இவ்விரண்டனுள் இன்றைய ஐயமே எளிதில் தீரத்தக்கது என்பது நம் துணிபு. ஒற்றுப் பிழையைத் திருத்த ஆசிரியர் உளர், நண்பர் உளர், அகராதி உண்டு. ஒருவன் கண்டதை அவனுக்காகக் கண்டு கொடுக்க எவருமிலர். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவிற்குச் சென்று பாருங்கள். ஆறுநாள் உழைத்த தொழிலாளர் புல்வெளியில் அமர்ந்து ஊருக்குப் பேசுவர்; பணமனுப்பும் கடைமுன் வரிசையில் நிற்பர். சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டியில் இத்தகைய தமிழ்த் தொழிலாளரும் பங்கு கொண்டுள்ளனர். புலமை முற்றட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை; சொல்லவேண்டிய செய்தி நெஞ்சில் இருந்தமையால் எழுதினர்.

ஐயத்தை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஐயமில்லாதவன் தன் எழுத்தைத் திருத்தமாட்டான். முதற்படி எழுதும்பொழுது அதனை வாயிலில் நிறுத்துக. எழுதி முடித்தபின் உள்ளே அழைத்துத் திருத்தும் வேலையைக் கொடுக்க. அப்பொழுது அது பகைவனாயிராது, நல்ல வேலையாளாகும்.

படிப்போர்க்கும் ஒரு கடமையுண்டு. பக்கத்து லயத்திலோ, மேல்மாடியிலோ ஓர் இளைஞன் கதையெழுதி நீட்டினால், "நன்று" என்னும் ஒரு சொல்லோடு திருப்பித் தாராதீர். முழுதும் படித்து, எவ்விடம் மனத்தைத் தொட்டது, எவ்விடம் சலித்தது என்று கூறுவீராக. பேட்டை திறக்கப் பத்திரிகை வேண்டுமென்பதில்லை. பொறுமையுள்ள ஒரு வாசகர் போதும்.