உச்சியில் 30 பிக்சல்

என் மடிக்கணினித் திரையின் உச்சியில் 30 பிக்சல் உயரத்துக்கு ஒரு பட்டை இருக்கிறது. வேபார் என்று பெயர். கணினியில் உனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் காட்டுவேன். அதில் தெரிகிற ஒவ்வோர் எழுத்தும் நான் கேட்டு வந்தது. நான் கேட்காத ஒன்றுகூட அங்கே இல்லை. பளபளவென்று எத்தனையோ டெஸ்க்டாப்புகளைப் பார்த்தாயிற்று, இந்த நிறைவை வேறு எதுவும் தந்ததில்லை.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. லினக்ஸில் ஓடும் டைலிங் விண்டோ மேனேஜரில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதில்லை. புதிதாக ஒன்றைத் திறந்தால் இருப்பவை ஒதுங்கி இடம் கொடுக்கும். திரை முழுக்க எப்போதும் நிரம்பியிருக்கும். மவுஸால் இழுத்து ஓரம் சேர்க்கிற வேலையே கிடையாது, எல்லாம் கீபோர்டில் முடிந்துவிடும். இந்த வகையில் 2006இல் டிடபிள்யூஎம் வந்தது, 2009இல் மைக்கேல் ஸ்டாபெல்பெர்க்கின் ஐ3 வந்தது. ஐ3யின் கான்ஃபிக் கோப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில் ஓடுவது ஸ்வே; ட்ரூ டெவால்ட் தொடங்கிய அந்தத் திட்டத்தின் 1.0 பதிப்பு 2019 மார்ச்சில் வெளியானது. நான் இருப்பது ஸ்வேயில். இங்கே ஸ்டார்ட் மெனு இல்லை, டாஸ்க்பார் இல்லை, மூலையில் வரிசை கட்டி நிற்கும் ஐகான்கள் இல்லை. மணி என்ன, சார்ஜ் எவ்வளவு, வைஃபை இருக்கிறதா என்பதையெல்லாம் பட்டைதான் சொல்ல வேண்டும்.

ஸ்வேயை நிறுவியதும் கூடவே ஒரு எளிய பட்டை வருகிறது. அதன் கான்ஃபிக்கைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு இதில் பித்தே பிடித்தது. அங்கே எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘டேட்’ கட்டளையை ஓட்டு, ஒரு நொடி உறங்கு, மறுபடியும் ஓட்டு. அந்தக் கட்டளை அச்சிடுகிற வரியை வாங்கி ஸ்வே வலது ஓரத்தில் காட்டுகிறது. அதுதான் கடிகாரம்! ஒரு வரி அச்சிடத் தெரிந்த எந்த நிரலுக்கும் பட்டையில் இடம் உண்டு என்று அந்தக் கணத்தில் புரிந்தது. பாஷில் எழுதலாம், பைத்தானில் எழுதலாம், சியில் எழுதலாம். எந்த ஸ்டோரிலும் பதிவு செய்ய வேண்டாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

வேபார் இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு அதற்கு அழகான உடம்பு கொடுத்திருக்கிறது. அலெக்சிஸ் ரூயார் என்பவர் தொடங்கிய திட்டம். சி++ மொழியில், ஜிடிகே என்ற வரைகலை நிரலகத்தின் துணையோடு எழுதப்பட்டது. ஸ்வேயின் கான்ஃபிக்கில் ‘பார்’ பகுதியில் ஒரே வரி சேர்த்தால் பழைய பட்டை போய் வேபார் வந்துவிடும். அதன்பின் உங்கள் கையில் இரண்டே கோப்புகள்: என்ன தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு ஜேசான், எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு சிஎஸ்எஸ். ஜேசானில் இடது, நடு, வலது என்று மூன்று பட்டியல்கள். கடிகாரம், பேட்டரி போன்ற ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல். அதன் பெயரை வேண்டிய பட்டியலில் எழுதிவைத்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இடது பக்கத்தில் எனக்குப் பணிவெளிகள், அதாவது ஜன்னல்களைப் பிரித்துவைக்கும் தனித்தனித் திரைகள். வழக்கமாக 1, 2, 3 என்று எண்கள் வரும் இடம் அது. ஒவ்வோர் எண்ணுக்கும் பதிலாக நாம் விரும்பிய குறியைக் காட்டலாம் என்று தெரிந்ததும் நான் எழுதியவை தமிழ் எண்கள். ௧, ௨, ௩, ௪ என்று வரிசையாக வருகிறது. பத்தாவது பணிவெளிக்கு ௰. யூனிகோடில் எப்போதோ இடம்பிடித்துவிட்ட இந்த எண்களை நாம் பார்ப்பதே அரிதாகிவிட்டது. என் திரையில் அவை காலையிலிருந்து இரவு வரை வேலை செய்கின்றன. எந்தப் பணிவெளியில் இருக்கிறேனோ அந்த எண் மட்டும் வெளிச்சமாகிறது. வேறொன்றில் ஏதாவது அவசரமாகக் கூப்பிட்டால் அதன் எண் சிவக்கிறது. ௫ சிவந்தால் அரட்டை ஜன்னலில் யாரோ அழைக்கிறார்கள் என்று அர்த்தம்.

தமிழைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். லெமன்பார் போன்ற பழைய எளிய பட்டைகள் எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து வரைபவை. ‘கொ’ என்று எழுதினால் கொம்பும் காலும் உரிய இடத்தில் சேராமல் சிதறிப்போகும். வேபார் ஜிடிகேயின் மேல் நிற்பதால் எழுத்துகளைக் கோக்கும் வேலையைப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நிரலகங்கள் பார்த்துக்கொள்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை சிஎஸ்எஸ்ஸில் முதல் பெயராகப் போட்டேன். ஜன்னல் தலைப்பில் வருகிற நீண்ட தமிழ்க் கோப்புப் பெயர்கூட அச்சுப் புத்தகத்தில் இருப்பதுபோல் சுத்தமாக வருகிறது.

நடுவில் கடிகாரம். மேலே சுட்டியைக் கொண்டுபோனால் அந்த மாத நாட்காட்டி விரிகிறது, இன்றைய தேதி மட்டும் தனி நிறத்தில். ஒன்றுக்கு மேற்பட்ட நேர மண்டலங்களையும் கொடுத்துவைக்கலாம். சென்னை, சிங்கப்பூர், டொராண்டோ என்று மூன்றை எழுதியிருக்கிறேன். கடிகாரத்தின் மேல் ஸ்க்ரோல் செய்தால் ஒவ்வொன்றாக மாறும். டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்குப் போன் போடுவதற்கு முன் விரல் தானாக அங்கே போகிறது. ஒலி மாட்யூலும் அப்படித்தான்: அதன் மேல் ஸ்க்ரோல் செய்தால் சத்தம் கூடும், குறையும். படம் பார்க்கும்போது திரை பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கண் சின்னம். ஒரு க்ளிக் போதும்.

பேட்டரி மாட்யூலைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு பெரும்பாலும் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான், பிளக் பாயின்ட்டுக்கு இருக்காது. கரண்ட் போனாலும் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். மடிக்கணினிக்கு சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது தெரியவே தெரியாது. வேபாரில் சார்ஜ் ஏறும்வரை பேட்டரியின் பின்னணி பச்சை. கரண்ட் போனதும் பச்சை மறைகிறது. 30 சதவீதத்துக்கு இறங்கினால் ‘எச்சரிக்கை’ நிலை, 15க்கு இறங்கினால் ‘ஆபத்து’ நிலை. இந்த இரண்டு எல்லைகளும் ஜேசானில் எண்களாக இருக்கின்றன, மாற்றிக்கொள்ளலாம். ஆபத்து நிலையில் பெட்டி சிவப்பாகி விட்டுவிட்டுக் கண்சிமிட்டுகிறது. அதைச் செய்வது நான்கைந்து வரி சிஎஸ்எஸ். ‘ஆபத்து நிலையில் இருந்து, சார்ஜ் ஏறாமலும் இருந்தால்’ என்ற நிபந்தனையையும் அதிலேயே எழுதிவிடலாம். பிளக்கில் செருகியதும் சிமிட்டல் நின்றுவிடும். வலைத்தளம் வடிவமைக்கத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க அநேகமாக ஒன்றுமில்லை.

ஆனால் என் செல்லம் இவை எதுவும் இல்லை. நானே எழுதிய மாட்யூல்தான். எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் எத்தனை சொற்கள் ஆகியிருக்கின்றன என்று அது காட்டுகிறது. யூனிக்ஸில் சொற்களை எண்ண ‘டபிள்யூசி’ என்று ஒரு பழங்காலக் கட்டளை உண்டு. என் ஸ்கிரிப்ட் அதை ஓட்டி, கிடைத்த எண்ணை ஒரு சின்ன ஜேசான் வரியாக அச்சிடுகிறது. அந்த வரியில் மூன்று செய்திகள்: பட்டையில் தெரிய வேண்டிய உரை, சுட்டியை வைத்தால் விரிய வேண்டிய குறிப்பு, சிஎஸ்எஸ்ஸுக்கான கிளாஸ் பெயர். இலக்கைத் தொட்டதும் ஸ்கிரிப்ட் கிளாஸ் பெயரை மாற்றுகிறது; பட்டையில் எண் சாம்பல் நிறத்திலிருந்து மஞ்சளாகிறது. சில நொடிக்கு ஒருமுறை ஸ்கிரிப்டை ஓடவிடலாம். அதைவிட நேர்த்தியான வழி சிக்னல். எடிட்டரில் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் வேபாருக்கு ஒரு சிக்னல் போகிறது, அந்த மாட்யூல் மட்டும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மற்ற நேரங்களில் எதுவுமே ஓடுவதில்லை. சேமித்த அந்த நொடியில் 640 என்பது 655 ஆவதைப் பார்க்கும் ஆனந்தம் இருக்கிறதே! இதை எனக்காக எந்த நிறுவனமும் செய்து தந்திருக்காது. பத்தே வரியில் நானே செய்துகொண்டேன்.

வானிலையும் அப்படி வந்ததுதான். இகோர் சுபின் நடத்துகிற டபிள்யூடிடிஆர் சேவையிடம் மதுரை என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும்: ஊர்ப் பெயர், ஒரு வெயில் குறி, வெப்பநிலை. அரை மணிக்கு ஒருமுறை கேட்டால் போதும்.

நிறங்களில் நேரம் போவதே தெரியாது. சிஎஸ்எஸ் மாறியதும் பட்டை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி ஜேசானில் ஒரு அமைப்பு இருக்கிறது. ஒரு பக்கம் எடிட்டர், மேலே பட்டை. சேமித்ததும் ஓரங்கள் வளைகின்றன, இடைவெளி கூடுகிறது. நான் க்ரவ்பாக்ஸ் என்ற வண்ணத் தொகுப்பில் நின்றுவிட்டேன். பழைய காகிதமும் மரச்சட்டமும் கலந்த அந்த நிறங்கள் இரவில் கண்ணை உறுத்துவதில்லை. எந்தத் துண்டுக்கு எந்தப் பெயர் என்று குழம்பினால் ஜிடிகே இன்ஸ்பெக்டரோடு வேபாரைத் தொடங்கலாம். ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயரைப் பார்க்கலாம், அங்கேயே நிறத்தை மாற்றிப் பார்க்கலாம்.

சிபியூ, மெமரி, வெப்பம், வேகம் என்று எல்லாவற்றையும் பட்டையில் அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்த்தவுடன் ஏதாவது செய்யத் தூண்டாத எண்ணுக்கு அங்கே இடம் கொடுக்கக் கூடாது. சிபியூ 7 சதவீதமா 9 சதவீதமா என்று தெரிந்து என்ன செய்யப்போகிறோம்?

டெபியன், ஃபெடோரா, ஆர்ச் மூன்றின் களஞ்சியங்களிலும் வேபார் இருக்கிறது. நிறுவியதும் இடிசிக்குள் எக்ஸ்டிஜியில் வேபார் என்ற அடைவில் இருக்கும் மாதிரிக் கோப்புகள் இரண்டையும் உங்கள் ஹோமில் உள்ள கான்ஃபிக் அடைவுக்குள் வேபார் என்றே ஒரு அடைவு வைத்து அதில் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஃபான்ட் ஆசம் எழுத்துருவையும் சேர்த்து நிறுவுங்கள். இல்லாவிட்டால் சின்னங்கள் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் தெரியும். பிறகு உங்களுக்கு வேண்டாததையெல்லாம் தயங்காமல் அழியுங்கள். கடிகாரமும் பேட்டரியும் மட்டும் மிஞ்சட்டும். அடுத்து உங்களுக்கு மட்டுமே தேவைப்படுகிற ஏதாவது ஒன்றை அச்சிடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பட்டையில் ஏற்றுங்கள். என்ன ஏற்றினீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.